சார்தோரிஸ்கி: நாடில்லாத ஒரு பிரபுவின் முப்பது ஆண்டுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஐரோப்பிய வரலாறு பேசும்போதெல்லாம் ஆடம் யெஷி சார்தோரிஸ்கியின் பெயரை நான் எடுத்துவிடுவேன். எடுத்தவுடன் கேள்விகள் வரும். முகங்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே எழுதி, என் பதில்களையும் தருகிறேன்.

முதலில் இவர் யார்? ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

1770 ஜனவரி 14 அன்று வார்சாவில் பிறந்த போலந்துப் பிரபு. இளமையில் ரஷ்யாவுக்குப் பிணையாளாக அனுப்பப்பட்டு, அங்கேயே வெளியுறவு அமைச்சராக உயர்ந்தவர். அறுபது வயதில் அதே ரஷ்யாவுக்கு எதிரான எழுச்சி அரசுக்குத் தலைமை ஏற்றார். தோற்று, மரண தண்டனை விதிக்கப்பட்டு, லண்டனிலும் பாரிஸிலுமாக முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1861 ஜூலை 15 அன்று தொண்ணூற்றொரு வயதில் பிரான்சின் மோன்ஃபெர்மேயில் இறந்தார். அந்த முப்பது ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவர் தாய்நாட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதாகத் தெரியவில்லை. என்னை இந்த மனிதரிடம் இழுத்தது அதுதான்.

இளவரசர் என்கிறீர்கள். அப்படியானால் அரசரின் மகனா?

இல்லை. போலந்தில் அரசரைப் பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். மகுடம் தந்தையிடமிருந்து மகனுக்குத் தானாகப் போகாது. சார்தோரிஸ்கி குடும்பம் பழைய லிதுவேனிய ஆளும் வம்சத்தின் கிளை. 'இளவரசர்' பட்டம் அந்த வழியில் வந்தது. நம் ஊர் வழக்கில் ஜமீன்தார் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் எந்த ஜமீனும் எட்டாத அளவு நிலமும் செல்வாக்கும் அவர்களிடம் இருந்தன.

அரியணை அவர்களுக்குத் தொலைவிலும் இல்லை. போலந்தின் கடைசி அரசரான ஸ்தனிஸ்வாவ் அகஸ்ட் பொனியாதோவ்ஸ்கி, நம் ஆளின் தந்தைக்கு அத்தை மகன். தந்தை ஆடம் காசிமிர் தாமே அரசராகும் வாய்ப்பை வேண்டாம் என்றவர். தாய் இசபெல்லா, புவாவி என்ற ஊரில் தம் மாளிகைத் தோட்டத்தில் 1801-இல் போலந்தின் முதல் அருங்காட்சியகத்தைத் திறந்தவர். அந்த அம்மையாரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இவரிடம் இருந்த பிடிவாதத்தில் பாதி அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

போலந்து என்ற நாடே அப்போது இல்லை என்கிறீர்களே. ஒரு நாடு எப்படிக் காணாமல் போகும்?

பங்கு போட்டார்கள். ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று அண்டை அரசுகள் 1772, 1793, 1795 என மூன்று தவணைகளில் முழு நாட்டையும் பிய்த்து எடுத்துக்கொண்டன. இடையில் 1791 மே 3 அன்று போலந்து தனக்கென ஓர் அரசியலமைப்பைப் படைத்தது. எழுத்து வடிவில் வந்த அரசியலமைப்புகளில் ஐரோப்பாவிலேயே மிக ஆரம்பமானவற்றுள் ஒன்று. அதைக் காக்க நடந்த 1792 போரில் இளைஞர் சார்தோரிஸ்கியும் களத்தில் நின்றார்.

1794-இல் போலந்துத் தளபதி கொஸ்கியூஷ்கோ தலைமையில் எழுந்த கிளர்ச்சியும் தோற்றபின் குடும்பத்தின் நிலங்களை ரஷ்யா பறித்தது. திருப்பித் தர ரஷ்யப் பேரரசி கேத்தரின் வைத்த விலை: இரண்டு மகன்களும் பீட்டர்ஸ்பர்க் வந்து தம் சேவையில் இருக்க வேண்டும். அப்படித்தான் 1795-இல் ஆடமும் தம்பி கான்ஸ்தாந்தினும் பகைவர் அரண்மனைக்குப் போனார்கள். விருந்தினர் என்ற பெயரில் பிணையாட்கள்.

நாட்டை விழுங்கியவர்களிடமே அமைச்சராக இருந்திருக்கிறார். இது துரோகம் இல்லையா?

எங்கள் கூட்டத்தில் சூடு பிடிக்கும் கேள்வி இதுதான். நான் துரோகம் என்று சொல்லமாட்டேன். நடந்ததைக் கேளுங்கள்.

1796-இன் வசந்தத்தில் பேரரசியின் பேரன் அலெக்சாண்டர் அவரைத் தவ்ரிதா அரண்மனைத் தோட்டத்தில் உலாவ அழைத்தார். தம் பாட்டியின் கொள்கை தமக்குப் பிடிக்கவில்லை, சுதந்திரத்தை நேசிக்கிறேன், போலந்துக்கு நேர்ந்தது அநியாயம் என்று அந்த இளைஞர் மனம் திறந்தார். பிணையாளாக வந்தவருக்கு நாளைய பேரரசர் இப்படிச் சொன்னால் என்ன தோன்றும்? வாளால் முடியாததை நட்பால் முடித்துவிடலாம் என்று தோன்றும். 1801-இல் அலெக்சாண்டர் ஜார் ஆனார். அவரைச் சுற்றி இரகசியமாகக் கூடிய நால்வர் குழுவில் சார்தோரிஸ்கியும் ஒருவர். நொவொசில்ட்சேவ், கோச்சுபேய், ஸ்த்ரோகனோவ் மற்றவர்கள். 1804 முதல் 1806 வரை வெளியுறவை அவரே நடத்தினார். நாடுகளின் உரிமையை அடிப்படையாகக் கொண்டு ஐரோப்பாவை மாற்றியமைக்கும் திட்டம் ஒன்றை வகுத்து, அதை நொவொசில்ட்சேவ் கையில் லண்டனுக்கும் அனுப்பினார்.

அந்தப் பதவியைக் காட்டிலும் எடை மிகுந்தது இன்னொன்று. 1803 முதல் இருபது ஆண்டுகள் வில்னா (இன்றைய வில்னியஸ்) கல்வி மாவட்டத்தின் பொறுப்பு அவரிடம் இருந்தது. ரஷ்யா விழுங்கிய எட்டு மாகாணங்களின் பள்ளிகளும் வில்னா பல்கலைக்கழகமும் அவர் கண்காணிப்பில் போலந்து மொழியிலேயே கற்பித்தன. வரைபடத்திலிருந்து அழிந்த நாடு வகுப்பறையில் உயிரோடு இருந்தது. கவிஞர் ஆடம் மிக்கியெவிச் அங்கே படித்தவர். 1823-இல் மாணவர் சங்கங்களை நசுக்க வந்த விசாரணை அதிகாரி யார் தெரியுமா? அதே நொவொசில்ட்சேவ், இரகசியக் குழுவின் பழைய நண்பர். சார்தோரிஸ்கி பொறுப்பை விட்டு விலகினார். மிக்கியெவிச் நாடுகடத்தப்பட்டார்.

ஜாரின் மனைவியோடு காதல் என்று ஒரு கதை உலவுகிறதே, உண்மையா?

அலெக்சாண்டரின் மனைவி எலிசபெத்தோடு அவருக்கு நெருக்கம் இருந்தது என்று அரண்மனையே பேசியது. 1799-இல் அவளுக்குப் பிறந்த குழந்தையின் கருங்கூந்தலைப் பார்த்து அன்றைய ஜாரும் அலெக்சாண்டரின் தந்தையுமான பால் சந்தேகப்பட்டார் என்பார்கள். அதே ஆண்டு சார்தோரிஸ்கி, சார்டினிய அரசரிடம் தூதராக அவசரமாக அனுப்பப்பட்டார். அந்த அரசரோ பிரெஞ்சுப் படையால் துரத்தப்பட்டு, தம் தலைநகரில்கூட இல்லை. இவர் இத்தாலியில் அலைந்தார். அந்த இத்தாலிய நாட்களின் பயன் பின்னால் ஒரு பதிலில் வரும்.

இவ்வளவு நெருக்கமானவர் எழுச்சியில் ஏன் சேர்ந்தார்?

நட்பு பொய்த்தது. 1815 வியன்னா மாநாட்டில் அவர் அலெக்சாண்டரின் பக்கம் நின்று போராடியதால் 'போலந்து இராச்சியம்' என்ற ஒன்று பிறந்தது: சொந்த நாடாளுமன்றம், சொந்தப் படை, சொந்த அரசியலமைப்பு, ஆனால் அரசர் ரஷ்ய ஜார். அதன் ஆளுநராக இவரையே நியமிப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பதவி, தலையாட்டத் தெரிந்த முதிய தளபதி சயோன்செக்குக்குப் போனது. பிறகு வந்த பதினைந்து ஆண்டுகளில் அரசியலமைப்பு ஏட்டளவில் சுருங்கியது.

1830 நவம்பர் 29 இரவு வார்சாவில் இளம் படை அதிகாரிகள் ஆயுதம் எடுத்தார்கள். சார்தோரிஸ்கி அதை விரும்பவில்லை. பேச்சுவார்த்தைக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று நம்பினார். ஆனால் அலெக்சாண்டருக்குப் பின் ஜாரான அவர் தம்பி நிக்கலஸ், சரணடைவதைத் தவிர எதையும் ஏற்கவில்லை. 1831 ஜனவரி 25 அன்று நாடாளுமன்றம் நிக்கலஸை அரியணையிலிருந்து நீக்கியது. அந்த முடிவால் பேரழிவு வரும் என்று அறிந்தே அவரும் கையெழுத்திட்டார். சில நாட்களில் தேசிய அரசின் தலைவரானார். தனக்குச் சரியென்று படாத போரில், தன் மக்கள் இறங்கிவிட்டார்கள் என்பதற்காகத் தானும் இறங்கி, எல்லாவற்றையும் இழக்கச் சம்மதித்த அந்தக் கையெழுத்தை நான் அவருடைய வாழ்வின் உச்சமாக நினைக்கிறேன்.

தோற்றபின் எப்படித் தப்பினார்?

ஆகஸ்ட் நடுவில் வார்சாவில் கலவரம் வெடித்தது. சிறையில் இருந்தவர்களைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அவர் பதவி விலகி, தளபதி ரமொரினோவின் படைப்பிரிவில் தொண்டராகச் சேர்ந்தார். வயது அறுபத்தொன்று. செப்டம்பர் 8 அன்று வார்சா வீழ்ந்தது. அந்தப் படைப்பிரிவு ஆஸ்திரியா வசமிருந்த கலீசியாவுக்குள் நுழைந்து ஆயுதங்களை ஒப்படைத்தது. ஆண்டு இறுதிக்குள் அவர் லண்டன் சேர்ந்துவிட்டார். ரஷ்யா அவருக்குத் தலைவெட்டும் தண்டனை விதித்தது. சொத்துகளைப் பறித்தது. புவாவியின் பெயரைக்கூட விட்டுவைக்காமல் 'நோவா அலெக்சாண்ட்ரியா' என்று மாற்றியது. வார்சா, வில்னா பல்கலைக்கழகங்கள் இரண்டும் மூடப்பட்டன. இருபது ஆண்டு உழைப்பு போயிற்று.

லண்டனில் அவர் அமைச்சர்களின் கதவுகளைத் தட்டினார். அனுதாபம் கிடைத்தது, படை கிடைக்கவில்லை. கவிஞர் தாமஸ் கேம்பல் முன்னின்று 1832-இல் போலந்து நண்பர்களின் இலக்கியச் சங்கத்தைத் தொடங்கினார். டட்லி ஸ்டூவர்ட் பிரபு அதன் உயிர்நாடியாகி, அகதிகளுக்காக நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1833-இல் சார்தோரிஸ்கி பாரிஸில் குடியேறினார்.

சொத்தெல்லாம் பறிபோயிற்று என்றீர்கள். பாரிஸில் மாளிகை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது?

ரஷ்யாவால் பறிக்க முடிந்தது ரஷ்ய எல்லைக்குள் இருந்தவற்றை மட்டுமே. பங்கு போட்டபோது குடும்பத்தின் சியெனியாவா நிலங்கள் ஆஸ்திரியப் பக்கம் விழுந்திருந்தன. அந்த வருவாய் வந்துகொண்டிருந்தது. முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் அது சொற்பம். பசியோடு வந்த மற்ற அகதிகளோடு ஒப்பிட்டால் பெருஞ்செல்வம். இந்த இரண்டு ஒப்பீடுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1843-இல் செய்ன் ஆற்றின் நடுவே உள்ள சாந்-லூயி தீவில், கட்டடக் கலைஞர் லூயி லெ வோ பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய ஒதெல் லாம்பேர் மாளிகை விற்பனைக்கு வந்தது. அப்போது அது பழுதடைந்து கிடந்தது. குடும்பம் வாங்கிச் செப்பனிட்டுக் குடியேறியது. மனைவி அன்னா சப்பியெகா அங்கே போலந்துப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஆண்டுதோறும் நடன விருந்து வைத்து அகதிகளுக்கு நிதி திரட்டினார். அந்த விருந்துகளைப் பணக்காரக் கேளிக்கை என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஒதுக்கினார். அந்த நடனச் சீட்டுகள் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிய வைத்தன என்று நான் அவரிடம் கேட்டேன், இங்கும் கேட்கிறேன்.

ஒதெல் லாம்பேர் என்பது கட்டடமா, கட்சியா? இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன்.

இரண்டும். கட்டடத்தின் பெயரே அங்கிருந்து இயங்கிய அரசியல் அணிக்கும் பெயராயிற்று. அது ஒரு வெளியுறவு அமைச்சகம், அதற்குப் பின்னால் நாடுதான் இல்லை. லண்டன், ரோம், இஸ்தான்புல், பெல்கிரேட் ஆகிய நகரங்களில் அதற்கு முகவர்கள் இருந்தார்கள். அறிக்கைகள் பாரிஸுக்கு வரும், அறிவுரைகள் பாரிஸிலிருந்து போகும். முன்பு ஒரு பேரரசின் வெளியுறவை நடத்திய கை அல்லவா?

அவருடைய கணக்கு இது: போலந்து தனியாக எழுந்தால் மறுபடி நசுங்கும். ரஷ்யாவோடு பிரிட்டனும் பிரான்சும் மோதும் நாள் வரும். அந்த நாளுக்கு எல்லாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். அதுவரை ஐரோப்பா போலந்தை மறக்கக் கூடாது.

போலந்து அகதிகளே அவரை வெறுத்தார்கள் என்று படித்தேன். ஏன்?

வெறுத்தவர்கள் நிறையவே இருந்தார்கள். எழுச்சி தோற்றபின் ஆயிரக்கணக்கானோர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் பிரான்சுக்கு வந்தார்கள். போலந்து வரலாற்றில் இதற்குப் 'பெரும் புலம்பெயர்வு' என்று பெயர். 1832-இல் தோன்றிய போலந்து ஜனநாயகச் சங்கம், தோல்விக்குப் பிரபுக்களே காரணம் என்றது. 1834-இல் 2,800-க்கும் அதிகமான அகதிகள், சார்தோரிஸ்கி தங்களுக்குத் தலைவரல்லர், புலம்பெயர்ந்தோரின் எதிரி என்று அறிவித்துக் கையெழுத்திட்டார்கள். அவருடைய ஆதரவாளர்கள் சிலரோ அவரை அரசராகவே ஏற்கத் துடித்தார்கள். அது எரியும் தீயில் எண்ணெய்.

எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டில் உண்மையும் இருந்தது. 1831 வசந்தத்தில் உழவர்களின் நிலச் சீர்திருத்தம் பற்றி எழுச்சி நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது, முடிவெடுக்காமல் கைவிட்டார்கள். பண்ணை வேலையில் பிணைக்கப்பட்ட உழவன் யாருடைய சுதந்திரத்துக்காகச் சாக வேண்டும்? சார்தோரிஸ்கி உழவர் விடுதலையை ஆதரித்தார், ஆனால் மெதுவாக, நிலவுடைமையாளர்களின் சம்மதத்தோடு. அந்த மெதுமை பெரிய பிழை என்றே நான் கருதுகிறேன். 1846-இல் கலீசியாவில் உழவர்கள் எழுந்து சுமார் ஆயிரம் பிரபுக் குடும்பத்தாரைக் கொன்றார்கள். ஆஸ்திரிய அதிகாரிகள் அதைத் தடுக்கவில்லை. அதே நேரம் கிராக்கோவில் உருவான புரட்சி அரசு பண்ணையடிமை முறையை ஒழிப்பதாக அறிவித்தது. சார்தோரிஸ்கி தம் அணியின் தனி நிலையை ஒதுக்கிவைத்து அந்த அரசுக்கு ஆதரவு தெரிவித்தார். எழுபத்தாறு வயதில், தம்மைத் திட்டியவர்களின் அரசுக்கு.

ஷோபானும் மிக்கியெவிச்சும் அவரோடு இருந்தார்களா?

இசையமைப்பாளர் ஷோபான் அந்த வீட்டுக்கு வேண்டியவர். இளவரசரின் தம்பி மருமகள் மார்செலினா சார்தோரிஸ்கா, ஷோபானின் தலைசிறந்த மாணவிகளில் ஒருவர். 1849 அக்டோபரில் அவருடைய கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவரும்கூட.

மிக்கியெவிச் அப்படி அடங்கும் மனிதர் அல்லர். ஒன்றுபட்டும் முரண்பட்டும் போனார்கள். கிரிமியப் போர்க் காலத்தில் இளவரசரின் ஆதரவோடு இஸ்தான்புல் சென்றார் கவிஞர். 1855 நவம்பர் 26 அன்று அங்கேயே இறந்தார்.

துருக்கியில் அவர் பெயரில் ஓர் ஊர் இருக்கிறதாமே?

இருக்கிறது. இன்றைய பெயர் பொலோனெஸ்கோய், இஸ்தான்புல் நகரின் ஆசியப் பக்கத்தில் காட்டோரத்தில். 1842-இல் ஒதெல் லாம்பேரின் முகவர் மிஹாவ் சாய்கோவ்ஸ்கி (இசையமைப்பாளர் அல்லர், வேறொருவர்) போலந்து அகதிகளுக்காக அதை நிறுவினார். இளவரசரின் பெயரால் 'ஆடம்போல்' என்று அழைத்தார்கள். முதல் குடியேறிகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். சாய்கோவ்ஸ்கி பிறகு இஸ்லாத்தைத் தழுவி, சாதிக் பாஷாவாகி, சுல்தானின் கொசாக் படைக்குத் தலைமை தாங்கினார்.

செர்பியாவிலும் அவர் சுவடு உண்டு. செர்பியா எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 1843-இல் அவர் அறிவுரை எழுதினார். மறு ஆண்டு அமைச்சர் கராஷானின் எழுதிய இரகசிய வெளியுறவுத் திட்டம் அந்தச் சிந்தனையிலிருந்து கிளைத்தது. பாரிஸில் உட்கார்ந்திருந்த அகதி ஒருவரின் தாள், பால்கன் அரசியலின் அடித்தளத்தில் கிடக்கிறது.

அவர் காத்திருந்த போர் வந்ததே. பலன் என்ன?

கிரிமியப் போர் 1853-இல் வந்தது. பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவோடு மோதின. மேலே சொன்ன கணக்கு அப்படியே பலித்தது. அவர் சகோதரியின் மகன் விவாதிஸ்வாவ் ஸமோய்ஸ்கி பிரிட்டிஷ் ஊதியத்தில் போலந்துப் படைப்பிரிவு ஒன்றை அமைத்தார். 1856-இல் சமாதான மாநாடு பாரிஸிலேயே, அவர் வாழ்ந்த நகரிலேயே, கூடியது. உடன்படிக்கையில் போலந்து என்ற சொல் வரவே இல்லை. அவருக்கு எண்பத்தாறு வயது. இருபத்தைந்து ஆண்டுகள் காத்த கதவு திறந்தது. அவரை உள்ளே விடாமலே மூடிக்கொண்டது. இந்த இடத்தைப் பேசும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

புதிய ஜார் மன்னிப்பு வழங்கினாராமே? ஏன் ஊருக்குத் திரும்பவில்லை?

அதே 1856-இல் இரண்டாம் அலெக்சாண்டர் பொதுமன்னிப்பு அறிவித்தார். சார்தோரிஸ்கி ஏற்க மறுத்தார். மன்னிப்பை ஏற்பவன் குற்றத்தை ஏற்கிறான். 1831-இல் இட்ட கையெழுத்து குற்றம் என்று அவர் ஒருபோதும் ஒப்பவில்லை. கிழவருக்கு வீம்பு என்பவர்களுக்கு நான் வேறு பதில் வைத்திருக்கவில்லை.

லியொனார்டோவின் ஓவியத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

காதல் வதந்தியால் இத்தாலிக்கு அனுப்பப்பட்டார் என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தக் காலத்தையொட்டி அங்கே அவர் வாங்கியவற்றில் ஒன்று, கையில் வெண்ணிற எர்மின் விலங்கை ஏந்திய பெண்ணின் ஓவியம். மிலான் அரண்மனையில் வாழ்ந்த செசீலியா கல்லெரானி என்ற பெண்ணை லியொனார்டோ டாவின்சி வரைந்தது. தாயாருக்குப் பரிசாகக் கொடுத்தார். அது புவாவி அருங்காட்சியகத்துக்குப் போனது. 1831-இல் ரஷ்யப் படை வருமுன் சேகரிப்பை அப்புறப்படுத்தி ஒளித்தார்கள். ஓவியமும் தம் உரிமையாளரைப் போலவே அகதியாகி, ஒதெல் லாம்பேரில் பல ஆண்டுகள் இருந்தது.

மகன் விவாதிஸ்வாவ் 1870-களில் சேகரிப்பை கிராக்கோவுக்குக் கொண்டுபோய் அருங்காட்சியகம் அமைத்தார். 1939-இல் நாஜிகள் கொள்ளையடித்தார்கள். போருக்குப் பின் லியொனார்டோ திரும்பியது. அதே சேகரிப்பில் இருந்த ரஃபேலின் 'இளைஞன்' ஓவியம் இன்றுவரை திரும்பவில்லை. 2016 டிசம்பரில் போலந்து அரசு முழுச் சேகரிப்பையும் 10 கோடி யூரோவுக்கு வாங்கியது.

பாரிஸ் போனால் எதைப் பார்க்கலாம்?

ஒதெல் லாம்பேரை வெளியிலிருந்து பார்க்கலாம். 1975-இல் குடும்பம் அதை விற்றுவிட்டது. 2013-இல் செப்பனிடும்போது தீப்பிடித்துச் சேதமடைந்தது. ஆனால் அதே தீவில், சில நிமிட நடையில், 1838-இல் தொடங்கிய போலந்து நூலகம் இருக்கிறது. ஊரில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபின் அகதிகள் கைக்கு அகப்பட்ட நூல்களையும் தாள்களையும் அங்கே சேர்த்தார்கள். அதைப் பேணிய வரலாற்று இலக்கியச் சங்கத்துக்கு அவரே தலைவராக இருந்தார். அங்கே மிக்கியெவிச்சுக்கும் ஷோபானுக்கும் தனித்தனி அறைகள் உண்டு.

அவர் கல்லறை எங்கே?

வார்சாவில் இல்லை, அந்த நகரம் அவர் இறந்தபின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ரஷ்யாவிடமே இருந்தது. பிரான்சிலிருந்து அவர் உடல் பின்னர் சியெனியாவாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ரஷ்யாவால் பறிக்க முடியாமல் போன அந்த நிலத்தில், குடும்பக் கல்லறையில் இருக்கிறார்.